வரி யார் தலையில் விழுகிறது? சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைகளுக்கும் மளிகைக் கடைகளுக்கும் கணக்கு எழுதுவது என் வேலை. ஏற்காட்டில் இரண்டு மூன்று விடுதிகளுக்கும் பார்க்கிறேன். ஜிஎஸ்டி கட்டக் கடைசி நாளான 20ஆம் தேதி ஒவ்வொரு மாதமும் நெருங்கும்போது பில் கட்டோடு வருகிறவர்கள், உட்கார்ந்ததும் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள்தான். வாயால் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். வருமான வரி எண்கள் 2025-26 நிதியாண்டுக்கானவை. ஜிஎஸ்டி வீதங்கள் 2025 செப்டம்பர் 22 மாற்றத்துக்குப் பிந்தையவை.

"நான் இன்கம்டாக்ஸ் கட்டுறதில்லைங்க. எனக்கும் வரிக்கும் என்னங்க சம்பந்தம்?"

இதைக் கேட்டவர் சிவதாபுரம் பக்கம் வீட்டிலேயே கொலுசுக்குச் சலங்கை வைக்கும் ஒரு அக்கா. கணவருக்கும் பட்டறை வேலை. இருவர் வருமானமும் சேர்ந்து மாதம் 18,000 ரூபாய். அன்றைக்கே ஒரு பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம்.

எண்ணெய், சோப்பு, பிஸ்கட், டீத்தூள் என்று வரி உள்ள மளிகைச் சாமான் 3,000 ரூபாய்க்கு. அதில் பெரும்பாலானவற்றுக்கு 5 சதவீதம்தான், ஆகவே சுமார் 143 ரூபாய். துணி, செருப்பு மாதச் சராசரி 1,000 ரூபாய், அதில் 48 ரூபாய். இரண்டு செல்போனுக்கு 299 ரூபாய் ரீசார்ஜ், 18 சதவீத வரி, இரண்டுக்கும் சேர்த்து 91 ரூபாய். கணவரின் வண்டிக்கு மாதம் 15 லிட்டர் பெட்ரோல். மத்திய தீர்வையும் மாநில வாட் வரியும் சேர்ந்து லிட்டருக்கு 40 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் 600 ரூபாய். மொத்தம் 882. பாக்கெட்டில் அடைக்காத அரிசி, காய்கறி, பால், வீட்டு வாடகைக்கு வரி இல்லை. அப்படியும் வருமானத்தில் நூற்றுக்கு ஐந்து ரூபாய் வரியாகப் போகிறது. கணவர் வாங்கும் குவார்ட்டரை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் தொகை இரண்டு மடங்கைத் தாண்டிவிடும்.

அந்த அக்கா 882ஐ இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். வருமான வரி கட்டாதவர் வரியே கட்டாதவர் இல்லை. இந்த ஒன்று பிடிபட்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

"நேர்முக வரி, மறைமுக வரின்னு பையனுக்கு ஸ்கூல்ல சொல்லித் தர்றாங்க. ரெண்டும் கடைசியில அரசாங்கத்துக்குத்தானே போகுது, என்ன வித்தியாசம்?"

நேர்முக வரி ஆளைப் பார்த்துப் போடுவது. உங்கள் வருமானம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுத்தான் வரியைச் சொல்லும். மறைமுக வரி பொருளைப் பார்த்துப் போடுவது. ஒரு சோப்பை வாங்குகிறவர் கூலிக்காரரா, ஸ்பின்னிங் மில் முதலாளியா என்று அதற்குத் தெரியாது.

2025-26 மத்திய பட்ஜெட்டில், அரசுக்கு வரும் ஒவ்வொரு ரூபாயிலும் வருமான வரி 22 காசு, ஜிஎஸ்டி 18 காசு, நிறுவன வரி 17 காசு, கலால் 5 காசு, சுங்கம் 4 காசு என்று காட்டியிருந்தார்கள். மீதியில் பெரும்பகுதி கடன். மாநில அரசுக்கு வருமான வரி போடும் உரிமையே கிடையாது (விவசாய வருமானம் தவிர). அது முக்கியமாக நம்பியிருப்பது ஜிஎஸ்டி, பெட்ரோல் டீசல் வாட், மது, பத்திரப் பதிவு. ஆக, சாதாரண ஆள் கையிலிருந்து போகும் பணத்தின் தடம் டெல்லியைவிடச் சென்னைக் கணக்கில்தான் நன்றாகத் தெரியும்.

பையனின் பாடத்தில் இன்னும் இரண்டு சொற்கள் வரும். வருமானம் கூடக்கூட வரியின் பங்கும் கூடினால் வளர்வீத வரி. வருமானம் கூடக்கூடப் பங்கு குறைந்தால் தேய்வுவீத வரி. பெட்ரோல் வரி இரண்டாவது ரகம். மாதம் இரண்டு லட்சம் சம்பாதிக்கிறவர் காருக்கு 60 லிட்டர் போட்டாலும் 2,400 ரூபாய், அதாவது நூற்றுக்கு ஒன்றேகால் ரூபாய்க்கும் கீழே. அந்த அக்கா வீட்டில் அதே வரி நூற்றுக்கு மூன்று ரூபாய்க்கு மேல்.

"எல்லாருக்கும் ஒரே பத்து பர்சென்ட்னு வச்சிட்டா நியாயம்தானே?"

18,000 ரூபாயில் 1,800 போனால் அது ஒரு மாத மளிகையில் பாதி. இரண்டு லட்சத்தில் 20,000 போனால் அந்த மாதச் சேமிப்பு கொஞ்சம் குறையும், சாப்பாடு குறையாது. சதவீதம் ஒன்றுதான், வலி ஒன்றில்லை. கட்டும் சக்தியைப் பார்த்துப் போடு என்பது 1776லேயே ஆடம் ஸ்மித் வரிக்குச் சொன்ன நான்கு விதிகளில் முதல் விதி.

"சம்பளம் ஏறி அடுத்த ஸ்லாபுக்குப் போயிட்டா கைக்கு வர்றது குறைஞ்சிடுமா சார்?"

ஒரு பள்ளி ஆசிரியர் இதற்குப் பயந்து மாலை டியூஷன் வருமானத்தையே விட்டுவிடலாமா என்று கேட்டார். பொதுவாக, குறையாது. ஸ்லாப் என்பது படிக்கட்டு மாதிரி. வருமான வரியின் புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த 4 லட்சத்துக்கு 5 சதவீதம், அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10, அப்புறம் 15, 20, 25, 24 லட்சத்துக்கு மேல் 30. மேல் படியில் கால் வைத்தால் அந்தப் படியில் உள்ள தொகைக்கு மட்டும்தான் அந்த வீதம். 20 லட்சம் வரிக்குரிய வருமானம் இருந்தால் மொத்த வரி 2 லட்சம். சராசரி 10 சதவீதம்தான், அவர் நிற்கும் படி 20 ஆக இருந்தாலும்.

ஆனால் அவருடைய பயத்தில் ஒரு இடத்தில் உண்மை இருக்கிறது. 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். (சம்பளக்காரருக்கு முதலிலேயே கழித்துவிடும் 75,000 நிலைக்கழிவும் சேர்ந்து 12.75 லட்சம் வரை.) அதைத் தாண்டி 10,000 ரூபாய் கூடினால், படிக்கட்டுக் கணக்குப்படி 61,500 ரூபாய் வரி வர வேண்டும். அது அநியாயம் என்பதால், கூடிய தொகைக்கு மேல் வரி போகாது என்று ஒரு நிவாரணம் வைத்திருக்கிறார்கள். அதன்படி 10,000 ரூபாய் வரி, அதன்மேல் செஸ் என்ற வரிமேல் வரி 4 சதவீதம், 400. அவர் சம்பாதித்த கூடுதல் 10,000 முழுவதும் போய், கையிலிருந்தும் 400 போகிறது. ஏறத்தாழ 12 லட்சத்து 70,000 வரை இந்தப் பள்ளம் நீள்கிறது. அந்த ஆசிரியர் சரியாக இந்தப் பள்ளத்துக்குள்தான் இருந்தார். டியூஷனை நிறுத்தினார். எட்டு பிள்ளைகளுக்குக் கணக்கு வாத்தியார் இல்லாமல் போனார், அரசுக்கும் ஒரு பைசா வரவில்லை. அடுத்த கேள்விக்கு இது நேராகக் கொண்டுபோய் விடும்.

"வரின்னா ஒருத்தர் பாக்கெட்ல இருந்து அரசாங்கத்துக்குப் போகுது, அது திரும்ப ரோடு, ஆஸ்பத்திரின்னு வருது. இதுல நாட்டுக்கு என்ன நஷ்டம்?"

கைமாறுகிற பணம் நஷ்டம் இல்லை. நடக்காமல் போன காரியம்தான் நஷ்டம். ஏற்காட்டில் ஜூலை மாதம், வாரநாள், மழை. ஒரு அறை காலியாக இருக்கிறது. துணி வெளுக்க, தண்ணீர், ஆள்கூலி எல்லாம் போக 1,000 ரூபாய்க்குக் குறைந்து கொடுத்தால் விடுதிக்காரருக்குக் கட்டாது. கீழே சேலத்திலிருந்து வந்த தம்பதிக்கு அதிகபட்சம் 1,040 ரூபாய் தரலாம் என்று மனசு. வரி இல்லாவிட்டால் நடுவில் எங்கேயோ பேசி முடித்திருப்பார்கள். 5 சதவீத வரி வைத்தால் 1,050. அவர்கள் கடைசி பஸ்ஸில் இறங்கிப் போய்விடுகிறார்கள். அரசுக்கு 50 ரூபாயும் இல்லை, இரு தரப்புக்கும் சேர்ந்து கிடைத்திருக்க வேண்டிய 40 ரூபாய் நன்மையும் இல்லை. அந்த 40 ரூபாய் யாருடைய பாக்கெட்டிலும் இல்லை. எந்த பில்லிலும் வராது, எந்த ரிட்டர்னிலும் தெரியாது.

வயலில் யானை புகுந்தால் அது தின்ற நெல்லைவிடக் கால் மிதித்துக் கெடுத்த நெல் அதிகம் என்று சங்கப் புலவர் ஒருவர் பாண்டியனிடம் வரியைப் பற்றிச் சொன்னது நம் எல்லோருக்கும் பள்ளியில் வந்த பாட்டு. பொருளாதாரப் படிப்பில் பக்கம் பக்கமாகப் படம் போட்டு விளக்குவது இந்த மிதிபட்ட நெல்லைத்தான். இனி இந்தப் பக்கத்தில் அதை அப்படியே 'மிதிபட்ட நெல்' என்று சொல்கிறேன்.

"அஞ்சு பர்சென்ட் பத்தானா அந்த நஷ்டமும் ரெண்டு மடங்குதானே?"

நான்கு மடங்கு. மேலே சொன்ன அறையையே எடுத்துக்கொள்ளுங்கள். 5 சதவீதத்தில் 1,040 தரத் தயாராக இருந்தவர்தான் திரும்பிப் போனார். 10 சதவீதம் ஆனால் 1,090 தரத் தயாராக இருந்தவரும் போய்விடுவார். போகிறவர்கள் எண்ணிக்கையும் இரட்டிக்கிறது, ஒவ்வொருவரிடமும் இழப்பதும் இரட்டிக்கிறது. வரி வீதத்தின் வர்க்கத்தைப் போல இழப்பு ஏறும் என்பதை 1844லேயே டுபுயி என்ற பிரெஞ்சுப் பொறியாளர், பாலத்துக்கு வசூலிக்கும் கட்டணத்தை வைத்து எழுதிவிட்டார்.

ஒரே பொருளில் 28 சதவீதம் வாங்குவதைவிட நிறையப் பொருள்களில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவது நல்லது என்று சொல்வதற்கு இதுதான் காரணம். 2024 ஜூலையில் தங்கம், வெள்ளி இறக்குமதித் தீர்வையை 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைத்தபோது எங்கள் தெருவில் சந்தோஷப்பட்டார்கள். 15 இருந்தபோது கடத்தல் வெள்ளியோடு போட்டி போட முடியாமல் திணறியது பில் போட்டு வாங்கியவர்கள்தான்.

"எங்க ரூமுக்கு 7,500 வாடகை. நூறு ரூபா ஏத்தினா என்ன ஆகும்?"

ஏற்றாதீர்கள். விடுதி அறைக்கு ஒரு நாள் வாடகை 7,500 வரை 5 சதவீதம், விருந்தினர் கட்டுவது 7,875. வாடகை 7,600 ஆனால் 18 சதவீதம், அவர் கட்டுவது 8,968. உங்களுக்குக் கூடுதலாக வருவது 100, அவருக்குக் கூடுவது 1,093. ஆசிரியர் விழுந்த பள்ளமும் இதுவும் ஒன்றுதான். அறையில் ஒரு நல்ல ஜன்னல் வைக்கலாமா, கீசர் மாற்றலாமா என்ற யோசனையையே இந்தக் கோடு தடுத்துவிடுகிறது. வரி இருப்பதைவிட வரியில் இப்படிச் செங்குத்தான படிகள் இருப்பது அதிக நெல்லை மிதிக்கும்.

"வியாபாரி எப்படியும் வரியை நம்ம தலையிலதான் கட்டுவான். அப்ப யார் மேல போட்டா என்ன?"

பாதி சரி. வரியை யார் கட்டுகிறார் என்பதைச் சட்டம் சொல்லும். யார் சுமக்கிறார் என்பதைச் சந்தைதான் சொல்லும். விதி எளிது: விலகிப்போக வழி இருக்கிறவர் விலகிவிடுவார், வழி இல்லாதவர் தலையில் சுமை இறங்கும்.

கொலுசை எடுத்துக்கொள்ளுங்கள். விலை கூடினால் வாங்குகிற பெண் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விடுவார், அல்லது எடை குறைந்த கொலுசைக் கேட்பார். வெளிமாநில மொத்த வியாபாரிக்குச் சேலம் இல்லாவிட்டால் வேறு ஊர் சரக்கு இருக்கிறது. வெள்ளியின் விலை உலகச் சந்தையில் முடிவாகிறது, அதில் ஒரு ரூபாய் குறைக்க யாராலும் முடியாது. பட்டறைக்காரர் கடனுக்கு வட்டி கட்டியாக வேண்டும். கடைசியில் எது வளையும்? கிலோவுக்கு இவ்வளவு என்று பேசும் கூலி. கம்பி இழுக்கிறவர், சலங்கை வைக்கிறவர், மெருகு போடுகிறவர் நாளைக்கு வேறு தொழிலுக்குப் போக முடியாது. கை அந்த வேலைக்குப் பழகியது. பில்லில் வரி வாங்குகிறவர் பெயரில்தான் இருக்கும். அதில் ஒரு பங்கு சிவதாபுரத்து அக்காவின் கூலியில் கழிந்திருக்கும். அவருக்குத் தெரியாது. முதல் கேள்வியில் போட்ட 882இல் இதைச் சேர்க்க என்னாலும் முடியவில்லை.

உப்பு, பருப்பு, மருந்து மாதிரிப் பொருள்களில் நிலைமை நேர்மாறு. வாங்காமல் இருக்க முடியாது, ஆகவே சுமை முழுக்க வாங்குகிறவர் மேல். வரி குறையும்போதும் இதே இழுபறிதான். சோப்புக்கு 18 சதவீதம் 5 ஆனபோது 118 ரூபாய் சோப்பு 105க்கு வர வேண்டும், பெரும்பாலும் வந்தது. ஐந்து ரூபாய் பிஸ்கட்டில் விலை அப்படியே நிற்க, பாக்கெட்டில் எடையைக் கூட்டிக் கொடுத்தார்கள்.

"டீசல் வரி லாரிக்காரங்க பிரச்சனைதானே? எனக்கு வண்டியே இல்லை."

சங்ககிரியில் லாரி வைத்திருப்பவர்களிடம் கேட்டால் ஓடும் செலவில் பெரிய பங்கு டீசல் என்பார்கள். ஜிஎஸ்டியில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. நீங்கள் வாங்கிய சரக்குக்குக் கட்டிய வரியை, நீங்கள் விற்கும்போது கட்டும் வரியில் கழித்துக்கொள்ளலாம். வரிமேல் வரி ஏறாது. டீசல் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதால் அந்தக் கழிவு கிடையாது. லாரியில் போட்ட டீசல் வரி வாடகையில் ஏறும். ஆத்தூர்ப் பக்கத்து மரவள்ளிக் கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்கு வரும்போது ஒரு தடவை, ஜவ்வரிசி மகாராஷ்டிரத்துக்குப் போகும்போது இன்னொரு தடவை. அதற்கு மேல் ஜவ்வரிசிக்கு 5 சதவீதம்.

ஆகவே வண்டியே இல்லாத வீட்டுக்கும் டீசல் வரி வருகிறது, வெங்காய மூட்டையில் ஏறி வருகிறது. ஜவ்வரிசி விலையைக் கூட்ட முடியாதபோது கிழங்கு விலையில் குறைந்து, விவசாயி தலையிலும் இறங்குகிறது. முன் கேள்வியில் சொன்ன விதிதான்.

"குடிக்கு மேல வரி போடறது சரிதானே? குடிக்கிறவன் கட்டட்டும்."

இதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். காரணம், இந்தக் கேள்வி பிறந்த ஊரே சேலம்தான்.

1937 அக்டோபர் 1ஆம் தேதி சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்தது சேலம் மாவட்டத்தில். முதலமைச்சராக (அப்போது பிரதமர் என்று பெயர்) இருந்தவர் ராஜாஜி. சேலத்தில் வக்கீலாக இருந்தவர், இந்த நகராட்சிக்கே தலைவராக இருந்தவர். கள், சாராய வருமானம் போனதும் கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்க 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவந்தார். இந்தியாவில் பொது விற்பனை வரிக்கு அதுதான் வழிகாட்டி. இன்றைய ஜிஎஸ்டியின் பாட்டன் என்று சொல்லலாம். குடிக்கிறவர் கட்டிய வரி நின்று, கடையில் சாமான் வாங்குகிற எல்லோரும் கட்டும் வரி வந்தது. இன்று இரண்டும் இருக்கிறது. 2003 முதல் மது சில்லறை விற்பனையும் டாஸ்மாக் கையில். 2023-24இல் மட்டும் அதன் வழியாக மாநிலத்துக்கு வந்த தீர்வையும் வரியும் 45,855 கோடி ரூபாய்.

1927இல் ஃபிராங்க் ராம்சே என்ற 24 வயது இளைஞர் ஒரு கணக்கைக் காட்டினார்: விலை ஏறினாலும் மக்கள் வாங்குவதைக் குறைக்காத பொருளில் அதிக வரி போட்டால் மிதிபடும் நெல் குறைவு. கணக்கு சரிதான். ஆனால் வாங்குவதைக் குறைக்காத பொருள் எது? உப்பு, மருந்து, பழகிப்போன குடி. அதே ராஜாஜி 1930இல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது உப்பு வரியை எதிர்த்துத்தான். எளிதாக வசூலாகும் வரி பெரும்பாலும் தப்பிக்க வழியில்லாதவர் மேல் விழும் வரி. சிக்கனத்துக்கும் நியாயத்துக்கும் உள்ள மோதல் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் தெரியாது.

மதுவுக்கு வரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குடியால் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஏற்படும் செலவு பெரியது, விலை ஏறினால் புதிதாகத் தொடங்குகிறவர்களாவது குறைவார்கள். ஆனால் 'குடிக்கிறவன் கட்டட்டும்' என்பதில் ஒரு தவறு இருக்கிறது. பழகியவர் குடியைக் குறைப்பதில்லை, வீட்டுக்குக் கொடுப்பதைக் குறைக்கிறார். அந்த வரியைக் கட்டுவது பல வீடுகளில் மனைவியும் பிள்ளைகளும்தான்.

"ஏற்காட்டுல பெரிய காப்பித் தோட்டக்காரருக்கு வரி இல்லையாம், வாத்தியாருக்கு உண்டாம். இது எந்த ஊர் நியாயம்?"

ஒரே அளவு வருமானம் உள்ளவர்கள் ஒரே அளவு வரி கட்ட வேண்டும் என்பதும் நியாயத்தின் ஒரு பாதி. மேல்தட்டு, கீழ்த்தட்டு என்று மட்டும் பார்த்தால் இது விட்டுப்போகும். விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி கிடையாது. அரசியலமைப்பு அதை மாநிலப் பட்டியலில் வைத்திருக்கிறது. இரண்டு ஏக்கர் மரவள்ளி விவசாயிக்கு இந்த விலக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், அவருடைய வருமானம் வரம்புக்குள் வரப்போவதில்லை. பலன் பெரிய கைகளுக்கு. பெரிய விவசாய வருமானத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று பொருளாதார அறிஞர் கே.என்.ராஜ் தலைமையிலான குழு 1972இலேயே சொன்னது.

காப்பியில் ஒரு தனி விதி இருக்கிறது. பழத்தைப் பறித்து அப்படியே விற்றால் முழுவதும் விவசாய வருமானம். விளைவித்தவரே பதப்படுத்தி விற்றால் 25 சதவீதம் வியாபார வருமானமாகக் கணக்காகும். வறுத்து அரைத்து விற்றால் 40 சதவீதம். யோசித்துப் பாருங்கள்: மலையிலேயே வறுத்து, அரைத்து, பாக்கெட் போட்டு நாலு பேருக்கு வேலை கொடுக்கிறவருக்கு வரி அதிகம். பழத்தை லாரியில் ஏற்றி விடுகிறவருக்கு இல்லை. நியாயமும் கெடுகிறது, நெல்லும் மிதிபடுகிறது. அந்தத் தோட்டத்தில் பழம் பறிக்கும் மலைக்கிராமத்துப் பெண் சோப்புக்கும் ரீசார்ஜுக்கும் வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

"பணக்காரங்க மேல நல்லா போட்டா எல்லாம் தீர்ந்துடாதா?"

போட்டுப் பார்த்தோம். 1973-74இல் மேல்படியில் உள்ளவருக்கு, கூடுதல் வரியும் சேர்ந்து, 97.75 சதவீதம். நூறு ரூபாய் சம்பாதித்தால் இரண்டேகால் ரூபாய் மிச்சம். கணக்கில் காட்டாமல் மறைக்கத்தான் மனசு போகும், கறுப்புப் பணம்தான் வளர்ந்தது. இறந்தவர் சொத்துக்கான எஸ்டேட் தீர்வை 1985இல் போனது. செல்வ வரி 2015இல் போனது. 2013-14இல் நாடு முழுக்க அது கொடுத்தது சுமார் 1,008 கோடி ரூபாய்தான். வீதத்தை ஏற்றுவது மட்டும் போதாது என்பதற்கு இவை சாட்சி.

அதற்காக மேல்தட்டில் போட எதுவும் இல்லை என்று அர்த்தமில்லை. சம்பளத்தில் 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம். பங்குகளை ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்து விற்ற லாபத்தில் 1.25 லட்சத்துக்கு மேல் 12.5 சதவீதம்தான். உழைத்துச் சம்பாதித்த பணத்தைவிடப் பணம் சம்பாதித்த பணத்துக்குக் குறைந்த வரி. இதை எனக்கு எந்த வகையிலும் நியாயப்படுத்தத் தெரியவில்லை.

இன்னொன்று சொத்து வரி. நிலம் ஓடிப் போகாது, மறைக்கவும் முடியாது, வரி போட்டதால் பூமி குறையாது. 2022இல் சேலம் போன்ற மாநகராட்சிகளில் உயர்த்தியபோது 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதமும் 1,800க்கு மேற்பட்ட வீட்டுக்கு 100 சதவீதமும் ஏற்றினார்கள். ஏற்றம் கசந்தாலும் படிகள் வைத்த விதம் சரி என்பேன்.

"பில் போடாம வாங்கினா 3 பர்சென்ட் மிச்சம்தானே அண்ணா?"

வெள்ளிக்கு ஜிஎஸ்டி 3 சதவீதம், ஆகவே 20,000 ரூபாய் வெள்ளிக்கு 600 மிச்சம். தூய்மை குறைவாக இருந்தால் திரும்பக் கேட்க ஒரு தாளும் இருக்காது. அதைவிட, பக்கத்துக் கடைக்காரர் பில் போடுகிறவராக இருந்தால், நீங்கள் அந்த 600ஐ எடுத்தது அவருடைய வியாபாரத்திலிருந்து. தப்பிக்கிறவர் கூடக்கூட, தப்பிக்காதவர் மேல் வீதம் ஏறும்.

"எங்களை மாதிரி சின்னப் பட்டறைக்கு வரியைவிட ரிட்டர்ன் போடறதுதான் செலவு. இதை யாரும் கணக்குல எடுக்க மாட்டாங்களா?"

எடுக்க வேண்டும். மாதம் 1,000, 1,500 ரூபாய் கணக்கு எழுதும் எனக்கே கொடுக்கிறீர்கள். வருஷம் 50 லட்சம் புரளும் பட்டறைக்கு அது தெரியும் செலவு, 50 கோடி புரளும் கம்பெனிக்கு டீச்செலவு. வரி கட்டுவதற்கான செலவும் தேய்வுவீதம்தான். சரக்கு விற்பவருக்கு 40 லட்சம் வரை பதிவே தேவையில்லை என்பதும், 1.5 கோடி வரை 1 சதவீதத்தில் முடிக்கும் தொகுப்புத் திட்டமும் இதற்காகத்தான். ஆனால் 38 லட்சத்தில் நிற்கிற பட்டறை இன்னொரு ஆளைச் சேர்க்கத் தயங்குவதை வருஷாவருஷம் பார்க்கிறேன். அங்கேயும் ஒரு செங்குத்துப் படி.

என்னைச் சங்கடப்படுத்தும் விஷயம் வேறு. சரக்கை வாங்கியவர் 90 நாள் கழித்துத்தான் பணம் கொடுப்பார். வரியோ அடுத்த மாதம் 20ஆம் தேதி. ஒரு வாடிக்கையாளர், வெளியூர் மொத்தக் கடை பணம் தராத நிலையில், மனைவியின் நகையை அடகு வைத்து வரி கட்டினார். அந்த 3 சதவீதம் அவருக்கு மாதம் இரண்டு வட்டியோடு சேர்ந்துதான் விடிந்தது. அந்த வட்டியை எந்த அரசுக் கணக்கும் வரி என்று சொல்லாது.

"வரி கட்டறது நாங்க, இலவசம் வாங்கறது அவங்க. இது மட்டும் நியாயமா?"

கட்டுவதை மட்டும் பார்த்தால் பாதிக் கணக்கு. சிவதாபுரத்து அக்கா மாதம் 882 கட்டுகிறார். 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் அவருக்கு வருகிறது, ரேஷன் அரிசி வருகிறது, டவுன் பஸ் கட்டணம் மிச்சம். கூட்டிக் கழித்தால் அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது, வரவும் வேண்டும். மறுபுறம் மாதம் ஒரு லட்சம் சம்பளக்காரர், நான்காவது பதிலில் பார்த்தபடி, வருமான வரி பூஜ்யம். அவர் போகும் நாற்கர சாலை, பிள்ளை படிக்கும் அரசு பொறியியல் கல்லூரி இதெல்லாம் இலவசம் என்ற பெயரில் வருவதில்லை, அவ்வளவுதான்.

"ஒரே ஒரு வரியை மாத்தலாம்னா எதை மாத்துவீங்க?"

கல்லூரி மாணவி ஒருவர் கேட்டது. டீசலை ஜிஎஸ்டிக்குள் கொண்டுவருவேன். எந்தத் தேதியிலிருந்து என்று ஜிஎஸ்டி கவுன்சில் பரிந்துரைக்க வேண்டும் என அரசியலமைப்பிலேயே எழுதியிருக்கிறது, அந்தத் தேதிதான் இன்னும் வரவில்லை. சங்ககிரி லாரிக்குக் கழிவு கிடைத்தால் கிழங்கு விவசாயி, ஜவ்வரிசி ஆலை, வெங்காயம் வாங்குகிறவர் என்று மூவர் சுமை ஒரே தடவையில் குறையும்.

வருவாய் குறையுமே, மாநிலம் என்ன செய்யும் என்று அவர் விடாமல் கேட்டார். மாநிலங்கள் இதற்குத் தயங்குவதே அதனால்தான், அந்தப் பயம் பொய்யில்லை. பங்கு லாபத்தைச் சம்பளத்துக்கு நெருக்கமான வீதத்துக்குக் கொண்டுவந்து, அதில் வருவதை செஸ், சர்சார்ஜ் என்று தனியாக ஒதுக்காமல் மாநிலங்களோடு பகிர வேண்டும். பெரிய தோட்டங்களின் வருமானத்தையும் வரிக்குள் சேர்க்க வேண்டும். ஓட்டை முழுக்க அடைபடுமா என்று அவரே தன் செல்போனில் கணக்குப் போடத் தொடங்கினார். அடுத்த வாரம் எண்களோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.